ஒரு சின்னக் கல் போதும்

பாட்டிலில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. தாகமில்லாத நேரத்தில் தண்ணீரைப் போல முரட்டுப் பொருள் வேறில்லை. தொண்டையில் நின்றுகொண்டு, போகட்டுமா வேண்டாமா என்று ஆளை மிரட்டும். காந்திமதி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் விழுங்கினாள். விழுங்குகிற வரைக்கும்தான் நம் இஷ்டம், விழுங்கிய பிறகு நம்மை யாரும் கேட்கப் போவதில்லை என்று வருஷா வருஷம் முதலாமாண்டுப் பிள்ளைகளிடம் சொல்லுவாள். நாக்கின் பின்பக்கம் தாண்டிவிட்டால் அப்புறம் உணவுக்குழாயின் பாடு, இரைப்பையின் பாடு. வீட்டுக்காரரைக் கேட்காமலே வீட்டில் எல்லாம் நடக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். விலங்கியல் எடுக்கிற காந்திமதி மேடத்துக்குச் சிரிக்க வைக்கவும் தெரியும் என்று கல்லூரியில் பெயர். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலியில், ஏ.சி. குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த வேடிக்கையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "பாட்டில் முழுசும் குடிச்சிருங்க மேடம். நல்லா முட்டுனதும் சொல்லுங்க, உள்ள கூப்பிடுதேன்" என்று கவுண்டரில் இருக்கும் ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். மூத்திரப்பை நிறைந்தால்தான் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் திரையில் தெளிவாகத் தெரியுமாம். தெரியட்டும், தெரிந்துதானே ஆக வேண்டும். தம்பிக்கு ஒரு கிட்னி கொடுக்க இந்த அக்காவின் உடம்பு லாயக்கா இல்லையா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள். ரத்த வகை சேர்ந்துவிட்டது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இன்றைக்கு வயிற்றையும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் பெரிய தடை எதுவும் கிடையாது.

ஒரு சின்னக் கல் போதும். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் நின்றபோது அது தானாக வந்தது. அவள் கூப்பிட்டு வரவில்லை. காந்திமதி அம்மா, தாயே, என் பேர்க்காரி, எனக்கு ஒரு கல்லைக் கொடு. பெரிசாக வேண்டாம், வலி தருகிற கல் வேண்டாம், ஒரு குருணை அளவுக்கு இருந்தால் போதும்; டாக்டர் உதட்டைப் பிதுக்கி, இவங்க குடுக்க முடியாதே என்று சொல்லுகிற அளவுக்கு. ஊர் உலகத்தில் கல் கரைய வேண்டும் என்றுதான் நேர்ந்துகொள்வார்கள். கல் வேண்டும் என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே இன்னொரு தடவையும் கேட்டாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை. ஆஸ்பத்திரி வராண்டாவில், ரெண்டு கிட்னியும் போய்விட்டது, சொந்தத்தில் யாராவது கொடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லி வாய் மூடும் முன்னால், "நான் குடுக்கேன்" என்று இவள்தான் முந்திக்கொண்டாள். வகுப்பில் கேள்வி கேட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி. தம்பி பெண்டாட்டி பேச்சியம்மாள் சர்க்கரைக்காரி, அவளால் கொடுக்க முடியாது. அவள் இவளுடைய ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அந்த ஈரம் காய்வதற்குள்ளாகவே இவளுக்கு உள்ளே குளிர ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் ஆவுடையப்பன், "ஒம் ஒடம்பு, ஒந் தம்பி, நான் என்னத்தச் சொல்ல" என்றார். வேண்டாம் என்று அந்த மனுஷன் ஒரு சத்தம் போட்டிருந்தால் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் நல்லவராக இருந்து தொலைத்தார்.

எதிர்ச் சுவரில் ஒரு படம். மனிதன் ஒருவன் நெஞ்சும் வயிறும் கதவு திறந்தாற்போலத் திறந்து கிடக்க நிமிர்ந்து நிற்கிறான். நுரையீரல் ரோஸ், கல்லீரல் பழுப்பு, நாளங்கள் நீலமும் சிவப்புமாக. இவ்வளவையும் காட்டிக்கொண்டு முகத்தில் லேசாகச் சிரிப்பு வேறு. என்னத்துக்குச் சிரிக்கிறான்? அவனுக்கு மயக்க மருந்து வேண்டாம், தையல் வேண்டாம், சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். காந்திமதி இன்னொரு வாய் குடித்தாள். முதலில் குடித்த தண்ணீர் இப்போது எங்கே போயிருக்கும்? இரைப்பையில் அதற்கு அதிக வேலை கிடையாது, சோறு என்றால்தான் அங்கே தாமசம். சிறுகுடலுக்குள் நழுவியிருக்கும். அங்கே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள், கண்ணுக்குத் தெரியாத பாசி மாதிரி அசைந்துகொண்டு, வருவதை எல்லாம் உறிஞ்சி ரத்தத்துக்குக் கொடுக்கும். ரத்தம் அதைக் கல்லீரலுக்குள் ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போய், அப்புறம் பெரிய நாளம், அப்புறம் இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து நுரையீரல், மறுபடி இதயத்தின் இடது பக்கம். தாமிரபரணித் தண்ணீர்தான் இது. பொதிகையில் இறங்கி, அணைக்கட்டில் நின்று, குழாயில் ஏறி, கேனுக்குள் அடைபட்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுடைய இதயத்துக்குள் போய் லப் டப் கேட்டுவிட்டு வெளியே வரும். ஒருவர் விடாமல் எல்லோருக்குள்ளும் இந்த ஆறு ஓடுகிறது. தம்பிக்குள்தான் கடைசி மடை அடைத்துக்கொண்டது. வந்த தண்ணீர் போக வழியில்லாமல் காலில் தேங்குகிறது, முகத்தில் தேங்குகிறது, ராத்திரி படுத்தால் நெஞ்சில் தேங்குகிறது.

"முட்டுதா மேடம்?" என்று ஸ்டெல்லா கவுண்டரில் இருந்து கேட்டாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் இப்படியா கேட்பது என்று முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் இங்கே எல்லோரிடமும் அவள் கேட்பது அது ஒன்றைத்தான். சாப்பிட்டாச்சா என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள். "இன்னும் இல்லம்மா." பக்கத்து நாற்காலியில் ஒரு பிள்ளைத்தாச்சி, சின்ன வயசு, காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தாள். "எனக்கு முட்டிக்கிட்டு வருதுக்கா. எனக்கு முன்னால ரெண்டு பேரு இருக்காங்கன்னு சொல்லுதாவ. நீங்க எப்பிடி இம்புட்டு அமைதியா இருக்கிய?" என்று கேட்டாள். அமைதியா? காந்திமதிக்குச் சிரிப்பு வந்தது. அப்போது பைக்குள் போன் அதிர்ந்தது. தம்பி. குற்றாலிங்கம், வீட்டில் குத்தாலம். அருவிக்கரைச் சாமி பேரை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று ஆகிப்போன பிறவி. "என்னக்கா, ஆச்சா?" "இல்லலே. தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காவ. ஒரு பாட்டிலு." அவன் மெல்லக் கேட்டான்: "முழுசுமா?" "ஆமா." "கூலிங்கா?" "சாதாத் தண்ணிதாம்லே." "ம்ம்" என்றான், ஏதோ கல்யாண வீட்டுப் பந்தியை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன் போல. "குடிக்கா. நல்லாக் குடி. மூக்குவழியா வருத அளவுக்குக் குடி" என்று சொல்லிச் சிரித்தான். அவன் தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்வான். ஒரு கட்டியை ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் வைத்திருப்பேன் என்று பெருமையாகச் சொல்லுவான். மைக் செட்டுக்காரன், எல்லாக் கணக்கும் பாட்டில்தான். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று கண் விழித்து, தலை வலிக்கும்போதெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டே திரிந்தான். தலை எதற்கு வலிக்கிறது, பிரஷர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டிலேயே ஒரு விலங்கியல் மேடம் இருந்தாள், அவளும் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகு அவன் போன மாசம் சொன்னது நினைவுக்கு வந்தது. டயாலிசிஸ் முடிந்து, ஊசி குத்திய கையைப் பொத்தியபடி ஆட்டோவில் வரும்போது சொன்னான்: "எக்கா, முட்டுதுங்கிற நெனப்பே மறந்து போச்சு. எப்பவாவது ரெண்டு சொட்டு. அதுவும் இல்ல இப்ப." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். குத்தாலத்துக்கு மூத்திரக் கதை என்றால் சின்ன வயசில் அப்படியே நேர் எதிர். நாலாம் வகுப்பு வரைக்கும் பாயை நனைப்பான். அவனும் இவளும் ஒரே பாய். விடிகிறபோது முதுகுக்குக் கீழே சில்லென்று இருக்கும். முதலில் கதகதப்பு, அப்புறம்தான் சில்லிப்பு. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பான், இமை மட்டும் துடிக்கும். அம்மாவின் காலடிச் சத்தம் வரும். அம்மா அந்தப் பாயைத் தெருப்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் காயப்போடுவாள், அதுதான் தண்டனை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு போகும். ஒரு நாள் அந்த இமை துடிப்பதைப் பார்த்துக்கொண்டே, தலைமாட்டில் இருந்த செம்பைக் காந்திமதி காலால் தட்டிவிட்டாள். செம்பு உருண்டது, தண்ணீர் பாயெல்லாம் ஓடியது. "நாந்தாம்மா, தூக்கத்துல தட்டிட்டேன்." அதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் பாதி நாள் செம்பு உருளும், கண்ணுமண்ணு தெரியாமத் தூங்குற கழுதை என்று இவளுக்குப் பெயரும் வந்தது. அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மூத்திர வாடைக்கும் செம்புத் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாதவளா அம்மா? தெரிந்துதான் விட்டிருக்கிறாள். அப்போது ஒரு செம்புத் தண்ணீரோடு முடிந்தது. இப்போது அப்படி முடியாது. இப்போது வயிற்றைத் திறக்க வேண்டும்.

திறப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், அதுதான் வினை. தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு ஆபரேஷன் என்றால் கண் மூடுவது, கண் திறப்பது, நடுவில் ஒன்றுமில்லை. இவளுக்கு அந்த நடுவில் உள்ளது எல்லாம் தெரியும். கல்லூரிகளில் எலி அறுப்பதை நிறுத்துகிற வரைக்கும் எத்தனை வருஷம், எத்தனை வெள்ளை எலி. குளோரோபார்ம் பஞ்சின் இனிப்பு வாடை. மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நாலு காலையும் விரித்துக் குண்டூசி அடித்து, அடிவயிற்றுத் தோலைச் சாமணத்தால் தூக்கி, கத்தரியின் நுனியால் முதல் வெட்டு. தோல் தனியாக வரும், தசை தனியாக வரும், அதற்குள்ளே ஈரமாக, சூடாக, ஆவி பறக்காத குறையாக, எல்லாம் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். "பாத்தியளா, எவ்வளவு நீட்டா பேக் பண்ணியிருக்கு" என்பாள். குடலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டால் முதுகோடு ஒட்டி ரெண்டு கிட்னியும் தெரியும், கருஞ்சிவப்பில், நனைந்த அவரை விதை மாதிரி வழவழவென்று. ஒவ்வொன்றின் தலையிலும் குல்லா மாதிரி ஒரு சின்னச் சுரப்பி. அதுதான் பயத்தைச் சுரக்கிற இடம் என்று சொல்லுவாள். பயந்தால் நெஞ்சு அடிக்கிறதே, கை வேர்க்கிறதே, எல்லாம் அந்தக் குல்லாவின் வேலை. தம்பிக்குக் கொடுக்கும்போது கிட்னியை மட்டும் எடுத்துக்கொண்டு குல்லாவை இவளிடமே விட்டுவிடுவார்கள். அதை அவள் படித்துத் தெரிந்துகொண்டாள். பயத்தை யாரும் வாங்கிக்கொள்வதில்லை. முதல் வெட்டுக்குப் பிறகும் சில எலிகளுக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆளில்லாத வீட்டில் ஓடும் ஃபேன் போல, அது பாட்டுக்குத் துடிக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள். அவள் அப்போது அந்தத் துடிப்பை எண்ணி எழுதச் சொன்னாள். அந்த எலிக்குத் தம்பி என்று யாராவது இருந்திருப்பானா என்று இப்போது போய்த் தோன்றுகிறது, பைத்தியம் மாதிரி.

பாட்டில் தீர்ந்திருந்தது. எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. டி.வி.யில் சத்தமில்லாமல் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். காந்திமதிக்குக் கண் செருகியது. அடிவயிற்றில் லேசான கனம், சொல்லவும் முடியாத, சொல்லாமலும் இருக்க முடியாத கனம், குளத்தில் தண்ணீர் ஏறி முதல் படி நனைகிற மாதிரி. கண்ணை மூடினால் அந்தக் கனத்துக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது. இறங்கினாள். உள்ளே இருட்டு இல்லை, நாவல்பழச் சாறு மாதிரி ஒரு வெளிச்சம். மேலே உதரவிதானம் கூடாரத் துணி போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, பல்லிக்கும் பறவைக்கும் இல்லாதது, பால் கொடுக்கிற ஜீவன்களுக்கு மட்டும் வாய்த்த கூரை. அவள் கையில் குண்டூசிக் கொடிகள் இருந்தன. வெள்ளைக் காகிதத்தில் அவள் கையெழுத்திலேயே பெயர் எழுதி ஊசியில் கோத்த கொடிகள். பரீட்சையன்று ஒவ்வோர் உறுப்பின் மேலும் குத்தி வைக்க வேண்டியவை. கல்லீரலில் ஒன்று குத்தினாள், வலிக்கவில்லை. மண்ணீரலில் ஒன்று. வலது கிட்னியில் ஒன்று, மேலே, அது இருக்க வேண்டிய இடத்தில். இடதுக்கு எட்டும்போது கை தடுமாறியது. கொஞ்சம் கீழே இருக்க வேண்டுமே. அங்கே ஒரு பாய் விரித்திருந்தது, ஈரப் பாய், மேலே யாரோ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள், இமை துடித்தது. கையில் கொடியோடு அவள் நின்றாள். இதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பதற்குள் யாரோ தோளைத் தொட்டார்கள். "மேடம், தூங்கிட்டியளா? முட்டுதா?" ஸ்டெல்லா. எழுந்து நின்றதும்தான் தெரிந்தது. முட்டியது, நன்றாக முட்டியது, நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்கு முட்டியது. உள்ளே போயிருந்த பிள்ளைத்தாச்சி அவளைத் தாண்டிக் கழிப்பறைக்கு ஓடினாள், ஓடும்போதே சிரித்தாள்.

உள்ளே இருட்டு, குளிர், ஒரு திரையின் நீல வெளிச்சம். ஸ்வெட்டர் போட்ட டாக்டரம்மா, மகள் வயசுதான் இருக்கும். மல்லாந்து படுக்கச் சொன்னாள். சேலையைத் தளர்த்தி வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கையை ரெண்டு பக்கமும் விரித்துப் போட்டுக்கொண்டு படுத்தபோது, குண்டூசி ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தாள். ஜெல் ஐஸாகப் பட்டது. "மூச்ச இழுத்துப் பிடிங்க. விடுங்க. நீங்க காலேஜ்ல ஜுவாலஜி எடுக்கியளாமே, ஸ்டெல்லா சொன்னா." "ஆமாம்மா." "அப்ப உங்களுக்கே எல்லாம் தெரியும். கல்லீரல் நார்மல். பித்தப்பை நல்லாருக்கு." எலிக்குப் பித்தப்பை கிடையாது. எனக்கு அது வேறு இருக்கிறதா என்று ஒரு கணம் திகைத்தாள். வலது கிட்னி வந்தது, சாம்பல் நிற மூட்டத்துக்குள் ஒரு கறுத்த அவரை விதை, நடுவில் வெள்ளை. நெஞ்சு அடித்தது. கல் எங்கே? கல் இல்லை. டாக்டரம்மாவின் கை இடது பக்கம் போனது. காந்திமதி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே அந்தக் கருவி உருண்டது, நின்றது, மறுபடி உருண்டது. இங்கேதான் இருக்க வேண்டும். வலது மேலே, இடது கீழே. எத்தனை தட்டில் எத்தனை விரலுக்கு இந்த இடத்தைக் காட்டியிருக்கிறாள். மூட்டம். வெறும் மூட்டம். டாக்டரம்மா திரைக்குக் கிட்டே குனிந்தாள். இல்லை. இடது கிட்னி இல்லை. ஆயிரத்தில் ஒருத்தர் ஒற்றைக் கிட்னியோடு பிறப்பார்கள், சாகிற வரைக்கும் தெரியாமலே இருப்பார்கள், அவளே பாடம் எடுத்திருக்கிறாள். ஆயிரத்தில் ஒருத்தி நான்தான். கல் கேட்டேன், அம்மன் கிட்னியையே எடுத்துவிட்டாள். நெஞ்சுக்குள் என்னவோ அவிழ்ந்து, சூடாக, இனிப்பாக, கழுத்து வரைக்கும் ஏறியது. அதற்குப் பெயர் சந்தோஷம். தப்பித்தேன். "இடது கிட்னி இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள். கேட்ட குரலில் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது, இருட்டு அறையில் அது அவள் காதுக்கே கேட்டது.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். "இல்லாம எங்க போவும்? நான் இன்னும் அங்க வரவே இல்லயே மேடம். இது குடலு, கேஸா இருக்கு, ஒண்ணும் தெரியல. மனுஷங்களுக்கு இடதுதான மேல இருக்கும், விலாவுக்குள்ள." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எலிய நெனச்சுட்டியளோ?" எலியைத்தான் நினைத்தாள். மனிதனைப் புத்தகத்தில் படித்தாள், எலியைக் கையால் படித்தாள், பயந்த நேரத்துக்கு வந்தது கை படித்த பாடம்தான். "ஒரு பக்கமாத் திரும்பிப் படுங்க. மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க." இழுத்தாள். உதரவிதானம் இறங்க, விலாவுக்கு அடியிலிருந்து அது எட்டிப் பார்த்தது, ஒளிந்து விளையாடிய பிள்ளை மாதிரி, முழுசாக, வடிவாக. "இந்தா இருக்கு பாருங்க. ரெண்டும் அழகா இருக்கு மேடம். கல்லு கில்லு ஒரு மண்ணும் இல்ல. யாருக்குக் குடுக்கிய?" "தம்பிக்கு." "குடுத்து வச்சவரு." காந்திமதி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மூச்சை விடச் சொல்லியும் விடவில்லை. தப்பித்தேன் என்று ஒரு தடவை நினைத்துவிட்டாளே, அதை எந்தக் கருவியை உருட்டி எடுப்பது? பயப்படுகிறாள் என்று அவளுக்கு முன்பே தெரியும், பயம் குற்றமில்லை. ஆனால் அவன் சாவதற்கு ஒரு வழி திறந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள். அதுதான் இன்றைக்குத் திரையில் தெரிந்தது. "பாத்ரூம் போயிட்டு வாங்க மேடம். காலியானதும் இன்னொரு தரம் பாத்துட்டு அனுப்பிருதேன்."

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடக்கூட நேரமில்லை, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். பாட்டில் தண்ணீர் முழுவதும், குடல் வழியாக, இதயம் வழியாக, நுரையீரலைப் பார்த்துவிட்டு, ரெண்டு அழகான கிட்னியும் வடித்துக் கொடுத்த தண்ணீர், குளம் நிறைந்து மறுகால் பாய்கிற மாதிரி பாய்ந்தது. சத்தம் அந்தச் சின்ன அறையை நிரப்பியது. உடம்பெல்லாம் இளகி, தோள் இறங்கி, தாடை தளர்ந்து, கண் தானாக மூடியது. உடம்புக்கு வாய்த்த சுகங்களில் இதை யாரும் ஒரு சுகமாகக் கணக்கு வைப்பதில்லை, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வருகிறதே என்று. வராமல் போனால் தெரியும். போன தீபாவளிக்குப் பிறகு குத்தாலத்துக்கு இது இல்லை. இந்த இளகல் இல்லை, இந்தச் சத்தம் இல்லை, வேலை முடித்துச் சுவரோரம் ஒதுங்கிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு வருகிற அந்த லேசான நடை இல்லை. அவன் கேட்பது ஒன்றும் பெரிய ஆயுசு இல்லை. ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும், அது வெளியே வர வேண்டும். காந்திமதி கதவைப் பிடித்தபடியே அழுதாள். அழுகையும் தண்ணீர்தான், இன்னொரு சுரப்பி, இன்னொரு குழாய், என்று புத்தி பாடம் எடுத்தது. சனியனே, சும்மா இரு என்று அதை அதட்டினாள். பயம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. குல்லா இருக்கட்டும். அதை எப்படியும் நம்மிடம்தான் விட்டுவிடப் போகிறார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது போன் மறுபடி அதிர்ந்தது. எடுக்காமல் ஒரு கணம் நின்றாள். கல் இருக்கிறதாம் என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான், ரிப்போர்ட்டைக் காட்டு என்று கேட்கிற பிறவி இல்லை அவன். நாக்கு நுனியில் அந்த வார்த்தை இருந்தது. விழுங்குகிற வரைக்கும்தான் நம் இஷ்டம்.

"எக்கா, என்ன சொன்னாவ?"

"ரெண்டும் நல்லாருக்காம். அழகா இருக்காம்லே. கல்லு கில்லு இல்லயாம்."

சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் குரல் அழுதுவிடுவது போல வந்தது. "இல்லயா? நான் காலையில இருந்து காந்திமதி அம்மன்ட்ட வேண்டிக்கிட்டுக் கெடக்கேன்க்கா, எங்க அக்காவுக்கு ஒரு சின்னக் கல்லு இருந்துரட்டும்னு. நீ வராண்டாவுல எல்லாரு முன்னாலயும் சொல்லிட்ட. இனி மாட்டேன்னு உன்னால சொல்ல முடியாது. டாக்டரே வேண்டாம்னு சொல்லிட்டா உனக்கு மனசு உறுத்தாதுல்லா. எனக்குத் தெரியும்க்கா, நீ பயந்துபோயி இருக்க."

காந்திமதி சுவரில் சாய்ந்துகொண்டாள். எதிரே படத்தில் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். குத்தாலம், எத்தனையோ விடியலில் இமை துடிக்கக் கிடந்தவன். செம்பு உருளுவதை அவனும் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறான்.

"ரெண்டு பேரு சேந்து கேட்டும் குடுக்கலயேலே அவ" என்றாள்.

"ரெண்டு பேரா?"

"ஆமாலே. நானுந்தான் கேட்டேன். பயம்தான், இப்பவும் பயம்தான் வருது. அது கெடக்கட்டும். தேதி குறிக்கச் சொல்லிருவோம்."

போனில் பின்னால் எங்கோ பேச்சியம்மாள் யாரிடமோ பேசுவது கேட்டது. குத்தாலம் கேட்டான்: "இப்ப எங்கக்கா நிக்க?"

"பாத்ரூம் போயிட்டு வந்து நிக்கேன்."

"நல்லாப் போச்சா?"

"போச்சு."

"சத்தம் வந்துச்சா?" என்றான் மைக் செட்டுக்காரன்.

"வந்துச்சுலே" என்றாள். "உனக்கும் வரும். பாயி நனையுத அளவுக்குப் போவும். செம்பை நாந்தான் தட்டிவிட்டேன்னு சொல்லிக்கிடுதேன்."